மீடியம் என்ன போடறது, மிஸ்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரம்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். கூட என் மாணவி. வியாசர்பாடிப் பெண், அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. நீட் விண்ணப்பம் போட வந்திருந்தோம். போட்டோ ஏற்றியாயிற்று, கையெழுத்து ஏற்றியாயிற்று, விரல் ரேகைகளை வெள்ளைத்தாளில் வைத்து ஸ்கேன் செய்தாயிற்று. ஓடிபி அவள் அப்பாவின் போனுக்குப் போகும். அவர் ஆட்டோவில் சவாரியில் இருந்தார். அவரைப் பிடித்து எண்ணைக் கேட்டு வாங்குவதற்குள் இரண்டு தடவை நேரம் முடிந்துபோனது.

அப்புறம்தான் அந்தக் கட்டம் வந்தது. சென்டர் பையன் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டான்: "மீடியம் என்ன போடறது, மிஸ்? இங்கிலீஷ்தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். போன் இன்னும் வைக்கப்படவில்லை. அப்பா அங்கிருந்தே சொன்னார்: "இங்கிலீஷே போட்டுடச் சொல்லுங்க மிஸ். டாக்டருக்குப் படிக்கப் போற புள்ளைக்குத் தமிழ் எதுக்கு?"

"இத்தோட சேவ் பண்ணி வைப்பா. அடுத்த ஞாயிறு வர்றோம்" என்றேன் அந்தப் பையனிடம். கடைசித் தேதிக்கு நாள் இருந்தது. அவனுக்கு எரிச்சல்தான், வாசலில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். ஆனால் இரண்டு வருடம் ராத்திரி பகலாகப் படித்ததை எந்த மொழியில் எழுதுவது என்று ஓடிபி அவசரத்தில் முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை தேர்ந்தெடுத்த மொழியைப் பிறகு மாற்ற முடியாது என்று தகவல் கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள்.

நான் முப்பத்தோரு வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். ஓய்வுக்குப் பிறகு வியாசர்பாடியில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், தகரக் கூரைக்குக் கீழே, சனி ஞாயிறு சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். பிப்ரவரி வந்தால் வருடா வருடம் இந்தக் கேள்வி வரும். நீட் வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கும் கருத்து உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்த நிமிடம் தேவைப்படுவது வேறு.

முதலில், நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். நீட் வினாத்தாள் 13 மொழிகளில் வருகிறது. ஆங்கிலம் என்று போட்டால் புத்தகத்தில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கும். தமிழ் என்று போட்டால் ஒவ்வொரு கேள்வியும் தமிழிலும் இருக்கும், ஆங்கிலத்திலும் இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே இறுதி. தமிழ் கேட்டவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் கொடுப்பார்கள் என்று பள்ளி ஆசிரியர்களே சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு தவறான நம்பிக்கையால் எத்தனை பிள்ளைகள் ஆங்கிலக் கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தமிழில் எழுதினால் தனி கட்-ஆஃப் என்பார்கள். கிடையாது, எல்லா மொழிக்காரருக்கும் ஒரே தரவரிசை. தமிழ் போட்டால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு நிச்சயம், இங்கிலீஷ் போட்டால் போய்விடும் என்பார்கள். 2020-இல் தமிழ்நாட்டில் வந்த அந்தச் சட்டம் கேட்பது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாயா என்பதை. நீட்டை எந்த மொழியில் எழுதுகிறாய் என்று அது கேட்பதில்லை. எம்பிபிஎஸ் பாடமே இங்கிலீஷில்தானே, இப்போதே பழகட்டும் என்பவர்களும் உண்டு. பழகட்டும், நல்லதுதான். ஆனால் சீட்டு கிடைத்த பிறகு பழக ஐந்து வருடம் இருக்கிறது. சீட்டு வாங்க இருப்பது மூன்றே மணி நேரம்.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இரண்டு வருடங்கள் காரணம்.

2017. தமிழில் நீட் எழுத முடிந்த முதல் ஆண்டு. அந்த வருடம் மாநில மொழித் தாள்களில் வந்த கேள்விகளும் ஆங்கிலத் தாளில் வந்த கேள்விகளும் வேறு வேறு. தேர்வு முடிந்து வெளியே வந்த என் மாணவன் ஒருவன், ஆங்கிலத்தில் எழுதிய பக்கத்துத் தெருப் பையனோடு விடை ஒத்துப்பார்க்க உட்கார்ந்தான். ஒத்துப்பார்க்க ஒரு கேள்விகூடப் பொதுவாக இல்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததாக அவன் அம்மா சொன்னார். கடினம் ஒரே அளவுதான் என்று தேர்வுத் தரப்பில் சொன்னார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது, முடிவுகளுக்கு இடைக்காலத் தடை வந்தது, ஜூனில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டிலிருந்து எல்லா மொழிக்கும் ஒரே கேள்விகள் என்று ஆனது.

அடுத்த ஆண்டு, 2018 மே 6. ஒரே கேள்விகள்தான். ஆனால் தமிழாக்கத்தில் பிழைகள். அந்த வருடம் என்னிடம் படித்தவர்களில் ஒரு பையன், பத்தாவது வரை, பன்னிரண்டு வரை எல்லாமே தமிழ்வழி. கெட்டிக்காரன், ஆனால் கூச்சம் அதிகம். தேர்வு முடிந்த மறுநாள் மாடிக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே கேட்டான்: "மிஸ், சீத்தான்னா என்ன?"

நான் சீத்தாப்பழத்தைச் சொன்னேன்.

"இல்ல மிஸ். மனுஷன், வௌவால், சீத்தா. மூணோட முன்னங்கால்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. விரிபரிணாமத்துக்கு, அதாவது ஒரே மூலத்திலிருந்து வந்த உறுப்பு வெவ்வேறு விதமாக மாறுவதற்கு, தவறான எடுத்துக்காட்டு எது என்ற கேள்வி அது. மனிதன், வௌவால், சிறுத்தை மூன்றின் முன்னங்கால்கள் ஒரு விடை, இதயம் ஒன்று, மூளை ஒன்று, ஆக்டோபஸ், வௌவால், மனிதன் மூன்றின் கண்கள் கடைசி. ஆக்டோபஸ் கண்ணும் நம் கண்ணும் தனித்தனி வழியில் உருவாகி ஒரே மாதிரி வந்து சேர்ந்தவை, அது குவிபரிணாமம். ஆகவே கடைசி விடைதான் சரி. அந்தப் பையனுக்கு இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆங்கிலத்தில் சீட்டா என்று இருந்ததைத் தமிழில் சீத்தா என்று போட்டுவிட்டார்கள். மனிதனுக்கும் வௌவாலுக்கும் நடுவே பழம் எங்கிருந்து வந்தது, பழத்துக்கு ஏது முன்னங்கால் என்று அவன் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறான். கடைசியில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டான். போன நேரம் அடுத்த கேள்விகளையும் தின்றது.

அந்த ஆண்டுத் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குத் தொடுத்தவர் அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த டி.கே.ரங்கராஜன். தமிழில் எழுதிய சுமார் 24,000 பேருக்கும் கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கருணை மதிப்பெண்ணாகக் கொடுக்க வேண்டும் என்று ஜூலையில் மதுரைக் கிளை சொன்னது. அன்று ராத்திரி அந்தப் பையன் வீட்டில் கேசரி கிண்டினார்கள், எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. பத்து நாளில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, நவம்பரில் ரத்தும் செய்தது. தமிழில் எழுதியவர் எல்லாருக்கும் ஒரேயடியாக 196 கூட்டினால் மற்றவர்களுக்கு அநியாயம் என்பது எனக்கும் விளங்கத்தான் செய்தது. ஆனாலும் அந்தக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவன் அம்மா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இதில் என் பங்கும் இருக்கிறது. சீத்தா என்ற சொல்லுக்கு எதிரே, அதே பக்கத்தில், ஆங்கிலக் கேள்வி இருந்தது. அவன் கண் அங்கே போகவே இல்லை. போக வேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு மொழியும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இரண்டையும் சேர்த்து வாசிப்பது ஒரு பழக்கம், அதை மாதக்கணக்கில் பழக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழ்வழிப் பிள்ளை, தமிழ்க் கேள்வி, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். அவன் இப்போது மருந்தாளுநர் படிப்பு முடித்துவிட்டு அயனாவரத்தில் வேலை செய்கிறான். என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசிவிட்டுத்தான் போவான்.

எப்படி முடிவு செய்வது என்பதை நான் கற்றுக்கொண்டது வேறொரு வீட்டில். சம்பந்தமே இல்லாத ஒரு தேர்வில்.

நீட் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, அடையாறில் ஒரு வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் டியூஷன் போவேன். அந்தப் பெண் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க சாட் பாடத்தேர்வு எழுதினாள், உயிரியலில். அந்தத் தேர்வில் ஒரு வசதி இருந்தது. மொத்தம் 80 கேள்வி, ஒரு மணி நேரம். 60 கேள்வி எல்லாருக்கும் பொது. மீதி 20-க்கு இரண்டு வகை: சூழலியல் சார்ந்தது ஒன்று, மூலக்கூறு உயிரியல் சார்ந்தது ஒன்று. ஈ, எம் என்பார்கள். ஒரே நாளில் இரண்டையும் எழுத முடியாது, எது வேண்டும் என்பதைத் தேர்வு அன்று விடைத்தாளில் குறித்தால் போதும். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்குக் கால் மதிப்பெண் வெட்டு. நீட்டில் 4-க்கு 1 வெட்டுவதும் அதே விகிதம்தான். 2021-இல் அந்தப் பாடத்தேர்வுகளையே நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பெண் எம் என்று முடிவு செய்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் எம்தான் மிஸ். ஈ ஈஸின்னு நினைப்பாங்க" என்றாள். டிஎன்ஏ, நொதிகள் என்றால் பெரிய படிப்பு, காடு குளம் என்றால் சின்னப் படிப்பு என்று அந்த வயதில் ஒரு எண்ணம். நான் எதுவும் சொல்லவில்லை. பழைய தாளிலிருந்து இரண்டு இருபதையும் ஒரே சாயங்காலம் கொடுத்து எழுதச் சொன்னேன். எம்மில் பதினொன்று சரி. ஈயில் பதினேழு. அவளே ஆச்சரியப்பட்டாள். எனக்கு ஆச்சரியம் இல்லை, ஏனென்றால் சின்ன வயதிலிருந்து மார்கழி, தை வந்தால் அவள் அப்பா அவளைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பைனாகுலரோடு கூட்டிப்போவார். பூநாரை எதைத் தின்கிறது, எந்த ஆண்டு தண்ணீர் குறைந்தது, எந்தப் பறவை வரவில்லை என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். உணவு வலை அவளுக்குப் படமாக மனதில் இருந்தது. அவள் ஈயே எழுதினாள்.

அன்றிலிருந்து என் வழி இதுதான். எந்த வகையை எழுதுவது என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். இரண்டையும் வைத்து எழுதச் சொல்லுவேன், கடிகாரத்தை எடுத்துப் பக்கத்தில் வைப்பேன்.

இந்த வியாசர்பாடிப் பெண்ணின் கதை கொஞ்சம் சிக்கலானது. பத்தாவது வரை தமிழ்வழி. பதினொன்றாவதில் அதே பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவில் சேர்ந்தாள், சொந்தக்காரர் ஒருவர் சொன்னதால். முதல் ஆறு மாதம் தினமும் அழுதாள். பிறகு பிடித்துக்கொண்டாள். இன்று அவளுக்கு மைட்டாசிஸ், மையாசிஸ், நெஃப்ரான் எல்லாம் ஆங்கிலத்தில்தான் சட்டென்று வரும். ஆனால் ஒரு விஷயத்தை ஏன், எப்படி என்று யோசிக்கும்போது உதடு தமிழில் முணுமுணுக்கும். இப்படி இரண்டு கரையிலும் ஒவ்வொரு கால் வைத்த பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். வெறும் தமிழ்வழிப் பிள்ளைக்கும் வெறும் ஆங்கிலவழிப் பிள்ளைக்கும் பதில் சுலபம், இவர்களுக்குத்தான் கஷ்டம்.

உயிரியலில் மொழி எவ்வளவு வேலை செய்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. இயற்பியலில் ஒரு கணக்கைச் சீன மொழியில் கொடுத்தால்கூட எண்களையும் படத்தையும் பார்த்துப் பாதி தூரம் போகலாம். உயிரியல் அப்படி இல்லை. 180 கேள்வியில் 90 உயிரியல், 720-இல் 360 மதிப்பெண். அத்தனையும் சொற்கள்.

சில இடத்தில் தமிழ் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் பூவில் இருப்பதும் ஓவரி, பெண் உடம்பில் இருப்பதும் ஓவரி. ஓவ்யூல், ஓவம் என்று அடுத்தடுத்து வந்தால் நல்ல பிள்ளைகளே தடுமாறும். தமிழில் பூவில் இருப்பது சூற்பை, உள்ளே சூல். பெண்ணுக்கு அண்டகம், அதிலிருந்து அண்டம். குழம்பவே வழி இல்லை. டிரான்ஸ்கிரிப்ஷன், டிரான்ஸ்லேஷன் இரண்டையும் மாற்றி எழுதாத ஆங்கிலவழி மாணவர் அபூர்வம். படியெடுத்தல், மொழிபெயர்த்தல் என்று சொல்லிப் பாருங்கள்: டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏவில் அப்படியே படி எடுக்கிறார்கள், பிறகு அதை அமினோ அமில மொழிக்குப் பெயர்க்கிறார்கள். பெயரே பாடம். விரிபரிணாமம், குவிபரிணாமம் என்ற இரண்டு சொற்களைக் கையை விரித்தும் குவித்தும் காட்டினால் போதும், எந்தப் பிள்ளையும் மறக்காது.

சில இடத்தில் தமிழே காலை வாரும். நம் வீட்டுப் பேச்சில் எல்லாமே நரம்புதான். ஊசி போட வரும் நர்ஸ் "நரம்பே கிடைக்க மாட்டேங்குதும்மா" என்பார். கையில் பச்சையாகத் தெரிவது நரம்பு. காலில் சுருண்டு புடைப்பது நரம்பு. கழுத்துப் பிடித்துக்கொண்டால் நரம்பு. பாடப்புத்தகத்தில் இவை சிரை, தமனி, நரம்பு, தசைநாண் என்று தனித்தனி. இந்தப் பெண் ஒருநாள் சிரை பற்றிய கேள்விக்கு நியூரான் பக்கத்து விடையைக் குறித்துவிட்டு, "பாட்டிக்கு நரம்பு சுருட்டல்னுதானே மிஸ் சொல்லுவாங்க" என்றாள். கிழங்கு இன்னொன்று. இவள் அம்மா சாயங்காலத்தில் தள்ளுவண்டியில் வேகவைத்த சர்க்கரைவள்ளியும் வேர்க்கடலையும் விற்பவர். சர்க்கரைவள்ளி வேரின் மாறுபாடு, உருளைக்கிழங்கு தண்டின் மாறுபாடு. இரண்டும் உணவைச் சேமிக்கும் ஒரே வேலைக்காக ஒரே மாதிரி பருத்தவை. குவிபரிணாமத்துக்குப் புத்தகத்தில் இருக்கும் எடுத்துக்காட்டு. "ரெண்டும் கிழங்குதானே" என்றாள் முதலில். மறுநாள் வண்டியிலிருந்து ஒன்றும் வீட்டிலிருந்து ஒன்றும் எடுத்து வரச் சொன்னேன். உருளைக்கிழங்கில் இருக்கும் கண்களைத் தொட்டுக் காட்டி, இங்கேயிருந்துதான் முளை வரும், இது கணு, கணு இருந்தால் தண்டு என்றேன். சர்க்கரைவள்ளியைத் திருப்பித் திருப்பித் தேடினாள். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் தவறவிட்டதே இல்லை.

கேள்வி வாக்கியத்தின் அமைப்பும் ஒரு விஷயம். ஆங்கிலத்தில் எது சரியில்லை என்ற "நாட்" முதல் வரியிலேயே வந்துவிடும். தமிழில் அது கடைசியில் வரும்: "...பற்றிய கூற்றுகளில் தவறானது எது?" அவசரத்தில் கடைசிச் சொல்லை விட்டால், முதலில் கண்ணில் பட்ட சரியான கூற்றைக் குறித்துவிட்டுப் போய்விடுவோம். ஆகவே தமிழில் வாசிக்கும் பிள்ளைகள் கேள்வியின் கடைசிச் சொல்லைப் பேனாவால் வட்டமிட்ட பிறகுதான் விடைகளைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மாடியில் பரீட்சை வைத்தேன். ஒரே தாளை இரண்டு தடவை கொடுத்தால் பயனில்லை, இரண்டாவது தடவை விடை ஞாபகத்தில் இருக்கும். ஆகவே இரண்டு வேறு ஆண்டுத் தாள்கள். முதலில் ஆங்கிலம் மட்டும் இருக்கும் 45 உயிரியல் கேள்வி, அரை மணி இடைவெளி, சுண்டல், அப்புறம் இரண்டு மொழியும் இருக்கும் 45. மற்றப் பிள்ளைகளையும் கூடவே எழுதச் சொன்னேன். நான் விடையைப் பார்க்கவில்லை. இவள் விரல் எந்த வரியில் நிற்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலத்தில் 38 நிமிடத்தில் முடித்தாள். ஒன்பது தப்பு. அந்த ஒன்பதையும் நான் வாயால் தமிழில் கேட்டேன். ஐந்துக்குச் சரியாகச் சொன்னாள். பாடம் தெரிந்திருக்கிறது, கேள்விதான் பிடிபடவில்லை. அதிலும் இரண்டு கூற்றுகளைக் கொடுத்து, ஒன்று சரியா, மற்றது அதற்கு விளக்கமா என்று கேட்கும் கேள்விகளிலேயே பெரும்பாலும் சறுக்கியிருந்தாள்.

இருமொழித் தாள் 44 நிமிடம். ஐந்து தப்பு. அதில் இரண்டு, தமிழாக்க வாக்கியம் மூன்று வரிக்கு நீண்டு, எது எதைச் சொல்கிறது என்று தெரியாமல் போனதால். எதிரே ஆங்கிலத்தைக் காட்டினேன். "அய்யோ, இதுவா" என்றாள்.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஒரு தப்பு குறைந்தால் நாலு கிடைக்கிறது, வெட்டும் ஒன்று மிஞ்சுகிறது, ஆக ஐந்து. நாலு தப்பு குறைந்ததில் இருபது மதிப்பெண். விலை ஆறு நிமிடம். 90 கேள்விக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 180 கேள்விக்கு 180 நிமிடம் இருக்கும் தேர்வில் பன்னிரண்டு நிமிடம் சும்மா கிடைக்காது. 2022 முதல் 2024 வரை இருபது நிமிடம் கூடுதலாக இருந்தது, விருப்பக் கேள்விகளும் இருந்தன. 2025-இல் இரண்டும் போய்விட்டன. இந்தப் பன்னிரண்டை இயற்பியலில் எடுக்க வேண்டும், அங்கே ஆங்கிலத்தை மட்டும் வாசித்தால் போதும் என்றேன்.

அப்போது அவள் ஒன்று சொன்னாள். அது எனக்கே தோன்றாதது. "மிஸ், நான் கேள்விய தமிழ்ல படிக்கறேன். ஆன்சர் நாலையும் இங்கிலீஷ்ல பாக்கறேன். அப்படித்தான் கண்ணு தானா போவுது." யோசித்தேன். இவளுக்கு அதுதான் சரி. யோசனை தமிழில், கலைச்சொல் ஆங்கிலத்தில். இரண்டு மொழிக்கும் நடுவே அவள் மனம் ஏற்கெனவே ஒரு பாதை போட்டு வைத்திருந்தது. ஆங்கிலக் கட்டத்தை டிக் செய்திருந்தால் அந்தப் பாதையில் பாதியை மூடியிருப்போம்.

அன்று எழுதியவர்களில் இன்னொரு பையன். எல்கேஜியிலிருந்தே ஆங்கிலவழி. வீட்டில் பேச்சு முழுக்கத் தமிழ், அம்மாவுக்குத் தமிழ் மேல் உயிர், தமிழில்தான் எழுத வேண்டும் என்று அவருக்கு ஆசை. இருமொழித் தாளில் கொடுத்த நேரத்துக்குள் அவன் முடித்தது 31 கேள்வி. தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறான். பக்கத்தில் தமிழ் இருந்தாலே கண் அங்கே ஓடி நேரம் போகிறது. அவன் அம்மாவுக்கு நானே போன் செய்து, இவனுக்கு ஆங்கிலத் தாள்தான், தமிழை மே மாதத்துக்குப் பிறகு நான் கற்றுத் தருகிறேன் என்றேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் 31 என்ற எண்ணைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே பிரவுசிங் சென்டர். இந்தத் தடவை அவள் அப்பாவே வந்திருந்தார், ஆட்டோவை எதிர்ப்புறம் ஓரங்கட்டிவிட்டு, காக்கிச் சட்டையோடு. பையன் சேவ் செய்த பக்கத்தைத் திறந்தான். அந்தக் கட்டம் வந்தது. நான் பேசவில்லை. அவள்தான் திரையைக் காட்டிச் சொன்னாள்.

"தமிழ் போட்டா அதுல இங்கிலீஷும் இருக்கும்ப்பா. இங்கிலீஷ் போட்டா தமிழ் இருக்காது."

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "ரெண்டும் இருக்குமா?" என்று என்னிடம் கேட்டார். இருக்கும் என்றேன்.

"அப்ப அதையே போடுப்பா" என்று பையனிடம் சொல்லிவிட்டு, ஓடிபிக்காகச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார்.